முதல் வருகை நாள்: வலசைப் பாடும் பறவைகளின் இளவேனிற் பதிவுகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பருவ மாற்றத்தை மனிதன் அறிந்துகொண்ட வழிகளுள் பறவைகளின் வரவும் செலவும் தொன்மையானவை. வடகோளத்தின் குளிர்நாடுகளில் பனி உருகி மரங்கள் துளிர்க்கும் மார்ச் முதல் மே வரையிலான காலத்தில், தெற்கே குளிர்காலத்தைக் கழித்த சிறு பாடும் பறவைகள் தாம் பிறந்த நிலப்பகுதிகளுக்குத் திரும்புகின்றன. தகைவிலான், நைட்டிங்கேல், கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான் முதலிய இனங்கள் இவற்றுள் அடங்கும். இவற்றுள் ஓரினத்தை ஓர் ஊரில் ஓராண்டில் முதன்முதலாகக் கண்ட அல்லது கேட்ட நாளே ‘முதல் வருகை நாள்’ எனப்படுகிறது.

இந்நாளைக் குறித்துவைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. இவ்வழக்கம் தோன்றிய சூழல், தனிமனிதக் குறிப்பேட்டிலிருந்து நாடு தழுவிய அட்டைத் தொகுப்பாக அது வளர்ந்த முறை, அத்தொகுப்பு மறதிக்குள்ளாகி மீண்டும் பயன்பாட்டிற்கு வந்த வரலாறு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. முதல் வருகை நாள் என்பது பறவையைப் பற்றிய செய்தி மட்டுமன்று. அதைக் காத்திருந்து கண்டவரைப் பற்றிய செய்தியுமாகும். இவ்விரண்டையும் பிரித்தறியும்போதுதான் அது வரலாற்றுச் சான்றாகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

வலசையா, உறக்கமா?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பிய அறிஞரிடையே நிலவிய ஒரு விவாதமே வருகை நாள்களைக் குறிக்கும் முயற்சிக்கு முதற்காரணமாக அமைந்தது. இலையுதிர் காலத்தில் மறையும் தகைவிலான்கள் எங்குச் செல்கின்றன என்பது அன்றைய வினா. சில பறவைகள் பொந்துகளில் ஒடுங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்று அரிஸ்டாட்டில் எழுதியிருந்தார். சுவீடனைச் சேர்ந்த ஓலாவுஸ் மாக்னுஸ் 1555ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நீருக்கடியில் உறங்கும் தகைவிலான்களை மீனவர் வலையில் இழுத்தெடுக்கும் படம் ஒன்று இடம்பெற்றது. தகைவிலான்கள் நீர்நிலைகளை ஒட்டிய நாணற்காடுகளில் கூட்டமாக அடைந்து, பின்னர் ஒருநாள் காணாமற்போவதைக் கண்ட மக்களுக்கு இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றியிருக்கும்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த சமயகுரு கில்பர்ட் வைட் (1720–1793) இவ்விவாதத்தின் நடுவே நின்றவர். அவர் பறவையியலர் தாமஸ் பெனன்ட்டுக்கும் வழக்கறிஞர் டெயின்ஸ் பாரிங்டனுக்கும் எழுதிய கடிதங்களின் அடிப்படையில் அமைந்த செல்போர்ன் இயற்கை வரலாறு 1789இல் நூலாக வந்தது. தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் மூன்று இலைக் கதிர்க்குருவிகளை அவற்றின் பாட்டைக் கொண்டு வெவ்வேறு இனங்கள் என அவர் பிரித்தறிந்தார். இருநோக்கிகள் புழக்கத்தில் இல்லாத அக்காலத்தில் வருகையை அறிவதில் கண்ணைவிடச் செவியே பெரும்பங்கு வகித்தது என்பதற்கு இது சான்றாகும்.

ஆயினும் வலசையை நேரில் அறிந்தவராகிய வைட்டுக்கே முழுத்தெளிவு ஏற்படவில்லை. ஜிப்ரால்டரில் பணிபுரிந்த அவருடைய தம்பி ஜான், பறவைகள் கடலிடுக்கைக் கடந்து செல்வதைக் கண்டு எழுதினார். இருப்பினும் இலையுதிர் காலத்தின் இறுதியில் தனித்துக் காணப்படும் சில தகைவிலான்கள் உள்ளூரிலேயே ஒடுங்கியிருக்கக்கூடும் என்ற ஐயம் வைட்டை விட்டு நீங்கவேயில்லை. இத்தகைய ஐயத்தைத் தீர்க்க வாதம் போதாது, ஆண்டுதோறும் நாள் குறித்த சான்று வேண்டும் என்ற உணர்வு அக்காலத்தில் உருவானது.

இவ்வுணர்வுக்கு வடிவம் கொடுத்தவர், வலசைக் கொள்கையை ஐயுற்ற பாரிங்டனே என்பது குறிப்பிடத்தக்கது. அவர் 1767இல் ‘இயற்கையறிஞர் நாட்குறிப்பு’ என்ற பெயரில் அச்சிட்ட படிவத்தை வெளியிட்டார். வெப்பநிலை, காற்றழுத்தம், காற்று, மழை ஆகியவற்றுடன் மரங்கள் முதலில் துளிர்த்த நாள், பூக்கள் முதலில் மலர்ந்த நாள், பறவைகளும் பூச்சிகளும் முதலில் தோன்றிய அல்லது மறைந்த நாள் ஆகியவற்றுக்கெனத் தனிக் கட்டங்கள் அதில் இருந்தன. வைட் 1768 முதல் தம் இறுதி ஆண்டுவரை இப்படிவத்தை நிரப்பிவந்தார். ‘வந்தது’ என்று கூறாமல் ‘தோன்றியது’ என்று கூறும் அக்கட்டத்தின் தலைப்பு, வலசையை நம்புவோரும் நம்பாதோரும் ஒருங்கே பயன்படுத்தக்கூடியதாக இருந்தது. கொள்கை எதுவாயினும் குறிப்பு செல்லும் என்ற நிலை இங்கு உருவானதை உணரலாம்.

ஒரு குடும்பத்தின் குறிப்பேடு

வைட்டுக்கு முன்பே இப்பணியைத் தொடங்கியவர் நார்ஃபோக் பகுதியில் ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்னும் ஊரின் நிலக்கிழார் இராபர்ட் மார்ஷம் (1708–1797). மரம் வளர்ப்பதில் பேரார்வம் கொண்டிருந்த அவர் 1736ஆம் ஆண்டு முதல் இளவேனிலின் அறிகுறிகளைக் குறிக்கலானார். அவர் தேர்ந்த அறிகுறிகள் 27. பனித்துளிப்பூ மலர்தல், ஓக் முதலிய மரங்கள் துளிர்த்தல், தவளை கத்துதல், காகவினம் கூடு கட்டத் தொடங்குதல் ஆகியவற்றுடன் தகைவிலானின் தோற்றம், குக்கூ குயிலின் முதற்குரல், நைட்டிங்கேலின் முதற்பாட்டு, பக்கியின் முதலொலி ஆகிய வலசைப் பறவைக் குறிப்புகளும் அவற்றுள் அடங்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இக்குறிப்புகள் அரச கழகத்திற்கு அளிக்கப்பெற்று 1789இல் அதன் ஆய்விதழில் அச்சேறின.

அதே காலத்தில் வெளிவந்த வைட்டின் நூலைப் படித்த மார்ஷம் 1790இல் அவருக்குக் கடிதம் எழுதினார். முதுமையில் தொடங்கிய இக்கடிதத் தொடர்பு வைட்டின் மறைவு வரை நீடித்தது. மரங்களின் பருமனும் பறவைகளின் வரவும் தகைவிலான்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடமும் அக்கடிதங்களின் பொருள்கள். தம்மைப் போலவே குறிப்பெழுதும் ஒருவர் வேறோர் ஊரில் இருக்கிறார் என்ற அறிவு, ஓரூரின் நாளை மற்றோர் ஊரின் நாளோடு ஒப்பிடும் ஆர்வத்தை வளர்த்தது.

மார்ஷமின் மறைவோடு அக்குறிப்பேடு முடிவுறவில்லை. இடையிடையே சில விடுபாடுகள் நேர்ந்தாலும் அவர் வழியினர் தலைமுறை தலைமுறையாக அதனைத் தொடர்ந்து 1958 வரை எழுதினர். 1926இல் மார்கரி என்பவரும் 1995இல் ஸ்பார்க்ஸ், கேரி ஆகியோரும் இத்தொடரை ஆராய்ந்து, இளவேனில் நிகழ்வுகளுக்கும் வெப்பநிலைக்கும் உள்ள உறவை நிறுவினர். தட்பவெப்ப மாற்றம் என்னும் கருத்தையே அறியாத ஒருவர் தம் தோட்டத்து மரங்களின்பால் கொண்ட அன்பினால் தொடங்கிய பதிவு, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அப்பொருளுக்கே சான்றாயிற்று.

இத்தகைய நெடும்பதிவைக் கையாள்வோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் ஒன்று நாட்காட்டி. இங்கிலாந்து 1752இல்தான் ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டுக் கிரிகோரியன் நாட்காட்டியை ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாளுக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 எனக் கொள்ளப்பட்டது. எனவே, 1752க்கு முற்பட்ட ஆங்கிலேயக் குறிப்பு ஒன்றைப் பயன்படுத்துவோர் அது எந்த நாட்காட்டியின்படி அமைந்தது என்பதை முதலில் தெளிய வேண்டும். இல்லையெனில் பறவை 11 நாள் பிந்தத் தொடங்கியது போன்ற பொய்த்தோற்றம் எழும். கல்வெட்டுகளின் காலக்கணிப்பில் ஆட்சியாண்டையும் சகாப்தத்தையும் ஒப்புநோக்கும் ஆய்வாளர்க்கு இவ்விடர்ப்பாடு புதியதன்று.

தனியொருவரிலிருந்து வலையமைப்புக்கு

ஓரூரில் எழுதப்படும் குறிப்பு ஒரு பறவை எப்போது வந்தது என்பதைக் கூறும்; எவ்வழியாக, எவ்வளவு விரைவில் வந்தது என்பதைக் கூறாது. அதற்குப் பல ஊர்களில் ஒரே காலத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் வேண்டும். அலெக்சாண்டர் ஃபான் மிட்டென்டோர்ஃப் 1855இல் வெளியிட்ட ஆய்வில், உருசியப் பேரரசின் பல்வேறு இடங்களில் ஓரினம் ஒரே நாளில் வந்தடையும் புள்ளிகளை இணைத்துக் கோடுகள் வரைந்தார். சமவெப்பக் கோடுகளைப் போன்ற இவ்வருகைக் கோடுகள், வலசையை நிலப்படத்தில் காட்டும் முயற்சிகளுள் முன்னோடியானவை.

இம்முயற்சியை மக்கள் பங்கேற்புடன் பெருமளவில் நடத்திய நாடு அமெரிக்கா. ஆசிரியரும் பறவையியலருமான வெல்ஸ் குக் (1858–1916) 1881இல் மிசிசிப்பி பள்ளத்தாக்கு மாநிலங்களின் பறவை ஆர்வலர்களிடம் வருகை நாள்களை அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். அமெரிக்கப் பறவையியலர் சங்கம் 1883இல் தோன்றியபோது இப்பணி அதன் வலசைக் குழுவின் பொறுப்பாயிற்று. குழுவின் தலைவர் ஹார்ட் மெரியம் நாளிதழ்கள் வாயிலாக ஆர்வலர்க்கு அழைப்பு விடுத்தார். கலங்கரை விளக்கக் காவலர்களுக்கும் படிவங்களை அனுப்பினார். சிறு பாடும் பறவைகளுட் பெரும்பாலானவை இரவில் பயணம் செய்வன. மூடுபனி இரவுகளில் அவை விளக்கொளியால் ஈர்க்கப்பட்டுக் கண்ணாடியில் மோதி விழுவதைக் காவலர்கள் நன்கறிவர். பறவையியல் கல்லாத அவர்களிடமும் சான்று உண்டு என்பதை மெரியம் உணர்ந்திருந்தார்.

தொண்டர்கள் அனுப்பிய தாள்களைத் தொகுப்பது சங்கத்தின் ஆற்றலுக்கு மிஞ்சியது. எனவே 1885இல் அமெரிக்க வேளாண்துறையில் அரசின் நிதியுதவியுடன் பறவையியல் பிரிவு ஒன்று மெரியம் தலைமையில் அமைந்தது. 1884, 1885ஆம் ஆண்டுகளின் மிசிசிப்பி பள்ளத்தாக்கு வலசை பற்றிக் குக் எழுதிய அறிக்கையை அப்பிரிவு 1888இல் வெளியிட்டது. பின்னர் 1901இல் குக் அத்துறையிலேயே பணியேற்று, தம் இறுதிக்காலம் வரை அத்தொகுப்பைப் பேணினார். அவர் மகள் மே தாச்சர் குக்கும் பிற்காலத்தில் அதே பணியில் ஈடுபட்டார். மார்ஷம் குடும்பத்தைப் போல இங்கும் பதிவுப்பணி ஒரு தலைமுறையோடு நில்லாமை நோக்கத்தக்கது.

இவ்வாறு திரண்ட நாள்களை வரிசைப்படுத்தியபோது, தனியொரு பார்வையாளர் கண்டிருக்க இயலாத செய்திகள் வெளிப்பட்டன. தென் அமெரிக்காவிலிருந்து அலாஸ்கா வரை செல்லும் கருந்தலைக் கதிர்க்குருவி, தென் மாநிலங்களில் நிதானமாக நகர்ந்து, வடமேற்கை அணுக அணுக விரைவு கூட்டுகிறது என்பதை நாள்களின் இடைவெளியைக் கொண்டே குக் கணக்கிட்டார். எந்தப் பறவையையும் பின்தொடராமல், எந்தக் கருவியுமின்றி, அஞ்சலில் வந்த தாள்களின் துணையால் மட்டுமே எய்திய முடிவு இது.

அட்டையின் அமைப்பு

இத்திட்டத்தின் சான்றுகள் உள்ளங்கையில் அடங்கும் சிறு அட்டைகளில் எழுதிவைக்கப்பட்டன. ஓரினம், ஓரிடம், ஓராண்டு, ஒரு பார்வையாளர் என்பதே ஓர் அட்டையின் எல்லை. முதலில் கண்ட நாளுடன் அன்று கண்ட எண்ணிக்கை, அடுத்துக் கண்ட நாள், அவ்வினம் பரவலாகக் காணப்படத் தொடங்கிய நாள், இறுதியாகக் கண்ட நாள், அது அப்பகுதியில் மிகுதியாக உள்ளதா அரிதாக உள்ளதா, இனப்பெருக்கம் செய்கிறதா என்பனவும் அவற்றில் இடம்பெற்றன.

இக்கட்டங்களின் வரிசை சிந்திக்கத்தக்கது. முதல் நாளை மட்டும் கேட்பது போதும் என இதனை வகுத்தோர் கருதவில்லை. முன்கூட்டியே வழிதப்பி வந்த ஒற்றைப் பறவையையும் பெருங்கூட்டத்தின் வரவையும் பிரித்தறிய, அடுத்துக் கண்ட நாளும் பரவலான நாளும் துணைபுரிகின்றன. முதல் நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருப்பின் முதற்காட்சி தற்செயலானதாகலாம். அல்லது பார்வையாளர் இடையில் வெளியே செல்லாமல் இருந்திருக்கலாம். சான்றின் வலிமையை மதிப்பிடும் குறிப்பு சான்றோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது.

மறதியும் மீட்பும்

இருபதாம் நூற்றாண்டில் வலசை ஆய்வின் கருவிகள் மாறின. டென்மார்க்கின் விபோர்க் நகர ஆசிரியர் மார்ட்டென்சன் 1899இல் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனப் பறவைகளின் கால்களில் இட்டு, பறவையைத் தனியுயிராக அடையாளம் காணும் முறைக்கு வழிவகுத்தார். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் 1911 மே மாதம் வளையமிடப்பட்ட தகைவிலான் ஒன்று 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் கிடைத்தது. தகைவிலான் எங்குச் செல்கிறது என்று வைட்டும் பாரிங்டனும் வாதிட்ட வினாவுக்கு ஐயமற்ற விடை அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் இவ்வாறு கிடைத்தது.

அமெரிக்க அரசு 1920இல் வளையமிடும் பணியைத் தன் பொறுப்பில் ஏற்றது. ஒரே பறவை இரண்டு இடங்களில் இருந்ததற்கு வளையம் நேர்ச்சான்றாக அமைந்தமையால், கண்டு எழுதிய நாள்கள் பழைய முறை எனக் கருதப்படலாயின. பங்கேற்போர் குறைந்தனர். 1970இல் வருகைப் பதிவுத் திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் சேர்ந்திருந்த அட்டைகள் ஏறத்தாழ 60 இலட்சம். அவை நிலைப்பெட்டிகளில் இடப்பெற்று, பயன்படுத்துவாரின்றிக் கிடந்தன. மேரிலாந்து மாநிலத்தின் பட்டுக்சென்ட் ஆய்வு மையத்தில் பணியாற்றிய சாண்ட்லர் ராபின்ஸ் (1918–2017) போன்றோரின் அக்கறையால் அவை அழியாமல் எஞ்சின.

தட்பவெப்பம் மாறுகிறது என்ற அறிவு பரவியபின், பழைய வசந்தங்களின் நாள் என்ன என்ற கேள்வி எழுந்தது. எதிர்காலத்தை எந்தக் கருவியாலும் அளக்கலாம். கடந்துபோன 1890ஆம் ஆண்டின் இளவேனிலை இனி எக்கருவியாலும் அளக்க இயலாது. அன்று எழுதியது மட்டுமே உண்டு. 2009 முதல் அட்டைகளை மின்படிமமாக்கி, இணையம் வழியே தன்னார்வலர்களைக் கொண்டு படியெடுக்கும் பணி தொடங்கியது. கையெழுத்தைப் படிப்பதில் பிழை நேராதிருக்க, ஒரே அட்டை ஒருவருக்கு மேற்பட்டோரால் படியெடுக்கப்பட்டு ஒப்புநோக்கப்பட்டது. அழியும் நிலையிலிருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்பிட்டுப் பதிப்பித்த மரபை அறிந்த தமிழறிஞர்க்கு இப்பணியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

முதல் நாளின் நம்பகத்தன்மை

மீட்கப்பட்ட பதிவை அப்படியே ஏற்பதற்கில்லை என்பதையும் அண்மைக்கால ஆய்வுகள் உணர்த்தியுள்ளன. முதல் வருகை நாளைப் பறவையல்லாத காரணங்கள் மாற்றுவது உண்டு. அவற்றுள் நான்கு தலையாயவை.

முதலாவது, தேடும் முயற்சி. பத்துப் பேர் பார்க்கும் ஊரைவிட நூறு பேர் பார்க்கும் ஊரில் முதற்பறவை முந்திக் காணப்படும். பார்வையாளர் தொகையும் இருநோக்கிகளின் புழக்கமும் பெருகிய இருபதாம் நூற்றாண்டில், பறவை அதே நாளில் வந்திருந்தாலும் அது முந்தியதாகத் தோன்ற வாய்ப்புண்டு. இரண்டாவது, வார நாள். பணிக்குச் செல்வோர் சனி, ஞாயிறுகளில் மிகுதியாக வெளியே செல்வதால் முதற்காட்சிகள் அந்நாள்களில் கூடுதலாகப் பதிவாகின்றன. இது பறவையின் பழக்கமன்று; மனிதரின் விடுமுறை. மூன்றாவது, நிலத்தின் மாற்றம். பார்வையாளர் வழக்கமாகச் செல்லும் காடு அழிந்தால், அங்குப் பாடிவந்த பறவை பிந்தி வந்ததாகவோ வராததாகவோ குறிப்பு அமையும்.

நான்காவது காரணம் நுட்பமானது. அது பறவைகளின் தொகை. ஆயிரம் பறவைகள் வரும் ஓரிடத்தில் அவற்றுள் மிக முந்தியது மிக முற்பட்ட நாளில் வரக்கூடும். அத்தொகை நூறாகக் குறைந்தால், சராசரி வருகை நாள் மாறாதிருந்தாலும், முந்தி வரும் ஒன்றைக் காணும் வாய்ப்புக் குறைகிறது. முதல் நாள் பிந்துகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மனோமெட் மையத்தில் 1970 முதல் 2002 வரை வலையில் பிடித்து வளையமிட்ட பறவைகளின் பதிவை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டோர் இதனைத் தெளிவாக்கினர். பறவைத் தொகையின் மாற்றம் முதல் நாளைப் பாதிப்பதால், முதல் நாள் முழுக்கூட்டத்தின் நடத்தையைக் காட்டத் தவறலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவை பதிவின் மதிப்பைக் குறைப்பன அல்ல. அதனைப் படிக்கும் முறையை வரையறுப்பன. ஏடெழுதியோரின் பழக்கவழக்கங்களை அறியாமல் ஒரு பாடத்தை மூலபாடம் எனத் துணிதல் இயலாது. அதுபோலவே, எழுதியவர் எத்தனை நாள், எங்கு, எந்த நேரத்தில் காத்திருந்தார் என்பதை அறியாமல் ஒரு நாளைப் பறவையின் நாள் எனத் துணிதலும் இயலாது. மார்ஷம் போன்று ஒரே இடத்தில் வாழ்நாள் முழுதும் ஒரே முறையில் கவனித்தோரின் குறிப்பு, எண்ணிக்கையில் சிறிதாயினும் உயர்வாக மதிக்கப்படுவது இதனால்தான்.

பதிவுகள் உணர்த்துவன

இவ்வெச்சரிக்கைகளுடன் ஆராயும்போது பதிவுகள் பேசத் தொடங்குகின்றன. எழுத்தாளர் தோரோ 1850களில் மாசசூசெட்ஸின் கான்கார்டு ஊரில் பூக்கும் நாள்களையும் பறவைகள் வந்த நாள்களையும் குறித்துவைத்தார். பிற்காலப் பார்வையாளர்களின் குறிப்புகளோடு அவற்றை ஒப்பிட்ட ரிச்சர்ட் பிரிமாக் முதலானோர், அவ்வூரின் செடிகள் தோரோ காலத்தைவிடச் சராசரியாக ஏழு நாள் முந்திப் பூப்பதைக் கண்டனர். ஆனால் 1851 முதல் 2007 வரையிலான பறவைக் குறிப்புகளில், 22 பாடும் பறவை இனங்களுள் பெரும்பாலானவற்றின் வருகை நாளில் தெளிவான மாற்றம் காணப்படவில்லை. செடி உள்ளூர் வெப்பத்திற்கேற்ப நடக்கிறது. பறவையோ தொலைநிலத்திலிருந்து பகற்பொழுதின் நீளம் முதலிய குறிப்புகளை நம்பிப் புறப்படுகிறது.

எல்லாப் பறவைகளும் இவ்வாறு இல்லை. பாடும் பறவை வரிசையைச் சேராததாயினும் அட்டைத் தொகுப்பின் பயனைக் காட்டும் எடுத்துக்காட்டு செங்கழுத்து ரீங்காரச்சிட்டு. 1880–1969 காலப் பதிவுகளை 2001–2010 காலப் பதிவுகளோடு ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த ஆய்வு, கிழக்கு அமெரிக்காவில் இடத்திற்கேற்ப 11 முதல் 18 நாள் வரை அதன் வருகை முந்தியுள்ளதாகக் கூறுகிறது.

வருகை நாளின் மாற்றமோ மாறாமையோ உயிர் வாழ்வைப் பாதிக்கும் என்பதற்கு நெதர்லாந்தின் கருவெள்ளை ஈப்பிடிப்பான் சான்று. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் இப்பறவை தன் குஞ்சுகளுக்குக் கம்பளிப்புழுக்களை ஊட்டுகிறது. இளவேனில் முந்துவதால் புழுக்கள் மிகும் காலமும் முந்துகிறது. பறவை முட்டையிடும் நாளைச் சற்று முன்தள்ளினாலும், அதன் வருகை நாள் அந்த அளவுக்கு முந்தவில்லை என்று போத், விசர் ஆகியோர் 2001இல் எழுதினர். புழுக்காலம் மிக முந்திய காடுகளில் இப்பறவையின் தொகை ஏறத்தாழ 90 விழுக்காடு வீழ்ந்தது என்று 2006இல் வெளிவந்த தொடராய்வு காட்டியது. ஒரு வாரத்திற்கும் குறைவான பிணக்கு ஓரினத்தின் தலைவிதியாகக்கூடும் என்பதால், நாளைத் துல்லியமாகக் குறித்தல் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதில்லை.

இந்தியச் சூழல்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இளவேனில் வருகையாக அமையும் நிகழ்வு, இந்தியாவைப் பொறுத்தவரை பெரிதும் பிரிவாக அமைகிறது. வட ஆசியாவிலும் இமயத்திலும் இனப்பெருக்கம் செய்யும் வாலாட்டிகள், கதிர்க்குருவிகள், தகைவிலான்கள் ஆகியன இங்கு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வரத்தொடங்கி ஏப்ரல் அளவில் விடைபெறுகின்றன. நாட்டினுள்ளேயே வலசை போகும் இனங்களும் உண்டு. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் தமிழில் ஆறுமணிக்குருவி எனப் பெயர்பெற்ற பறவை, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்து, இனப்பெருக்கத்திற்காக வடக்கு, நடு இந்தியக் காடுகளுக்குச் செல்கிறது. தெற்கே குளிர்காலப் பறவையாக அறியப்படும் அதுவே அங்குக் கோடைக்கால வரவாகிறது.

புதிதாக வந்து தங்கும் பறவையை ‘வம்பு’ என்னும் அடையால் சுட்டும் வழக்குச் சங்க இலக்கியத்தில் உண்டு. நாரையின் தென்திசைச் செலவையும் வடதிசை மீட்சியையும் சத்திமுத்தப் புலவரின் பாடல் அறிந்திருக்கிறது. வலசை பற்றிய அறிவுக்கு இவை சான்று. ஆயினும் இலக்கியம் பருவத்தைச் சுட்டுமே தவிர நாளைச் சுட்டுவதில்லை. ஆதலின் ஆண்டுகளை ஒப்பிடும் ஆய்வுக்கு அவற்றைப் பயன்படுத்துதல் பொருந்தாது.

பறவைகளுக்கு வளையமிடும் பணியை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 முதல் சாலிம் அலியின் வழிகாட்டுதலில் பெருமளவில் மேற்கொண்டது. பொதுமக்கள் முதல் வருகை நாள்களைப் பதிவுசெய்யும் ‘மைக்ரன்ட்வாட்ச்’ திட்டம் 2007இல் பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சார்ந்து தொடங்கப்பெற்றது. மேகதூதத்தில் இடம்பெறும் சாதகப்புள் எனப் பொதுவாகக் கருதப்படும் சுடலைக்குயில் பருவமழையை ஒட்டி வடக்கே பரவும் முறையையும் அத்திட்டம் பதிவுசெய்தது. இதன் பதிவுகள் பின்னர் ‘ஈபேர்டு’ என்னும் பொதுத் தளத்தில் இணைந்தன.

2002இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ஈபேர்டு, முதல் நாளை மட்டும் கேட்பதில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு நடந்து பார்க்கப்பட்டது, கண்ட இனங்கள் அனைத்தும் எழுதப்பட்டனவா என்பவற்றையும் கேட்கிறது. பட்டியல் முழுமையானது என்று அறிந்தால், அதில் இடம்பெறாத பறவை அன்று காணப்படவில்லை என்பதும் ஒரு சான்றாகிறது. காணாத நாளையும் பதிவாக மாற்றியது இம்முறையின் சிறப்பு. குக்கின் அட்டையில் ‘அடுத்துக் கண்ட நாள்’ என்ற கட்டத்தில் தொடங்கிய எண்ணத்தின் வளர்ச்சியாகவே இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

முதல் வருகை நாள் குறிக்கும் வழக்கம், தகைவிலான் உறங்குகிறதா பறந்து செல்கிறதா என்ற வினாவின் சூழலில் வளர்ந்து, தட்பவெப்பம் மாறுகிறதா என்ற வினாவுக்குச் சான்றாக வந்து நிற்கிறது. குறித்தோர் எண்ணிய பயன் வேறு. பின்னோர் கண்ட பயன் வேறு. எனவே, ஒரு பதிவின் பயனை அது எழுதப்பட்ட காலத்தின் தேவையை மட்டும் கொண்டு அளந்து கைவிடுதல் தகாது என்பது இவ்வரலாறு தரும் முதற்பாடம். 1970இல் பயனற்றதெனக் கருதப்பட்ட அட்டைகள் நாற்பது ஆண்டுகளுக்குள் ஈடற்ற சான்றாயின.

சான்றோடு சான்றின் சூழலையும் எழுதிவைத்தல் வேண்டும் என்பது இரண்டாம் பாடம். பறவை வந்த நாளைக் குறித்தவர், தாம் அதற்கு முந்திய நாள்களில் வெளியே சென்று பார்த்தாரா என்பதையும் குறித்திருந்தால், அவருடைய ஒருவரிக் குறிப்பு பன்மடங்கு வலிமை பெறும். இந்தியாவில் இத்தகைய நெடும்பதிவுகள் இப்போதுதான் தொடங்கியுள்ளன. ஆறுமணிக்குருவி ஓரூரை விட்டுப் புறப்பட்ட நாளையும் மற்றோர் ஊரில் குரல் கொடுத்த நாளையும் இன்று எழுதிவைப்போர், தாம் அறியாத ஒரு வினாவுக்கு விடை எழுதுகின்றனர் எனலாம்.